இன்னொரு கிளை திறக்காத சாண்ட்விச் கடை

இந்த எபிசோட் நான் போட்ட ஒரு எக்செல் ஷீட்ல இருந்து ஆரம்பிக்குது.

எங்க அப்பா தாம்பரம் பக்கத்துல முறுக்கு, காராசேவு, மிக்சர் கடை வச்சிருக்கார். 22 வருஷமா ஒரே ஷட்டர், ஒரே அடுப்பு. போன வருஷம் வேளச்சேரியில ஒரு இடம் வாடகைக்கு வந்தது. நான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து கணக்கு போட்டேன். அட்வான்ஸ், வாடகை, மாஸ்டர் சம்பளம், மாவு, எண்ணெய் எல்லாம் போக 18 மாசத்துல போட்ட காசு திரும்பி வந்துடும். அப்பா பொறுமையா பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அங்க எண்ணெய எப்ப மாத்தணும்னு யாருடா பார்ப்பா?"

என் ஷீட்ல அதுக்கு ஒரு வரி இல்லை.

அந்தக் கேள்வி மண்டையில ஓடிக்கிட்டே இருந்தப்ப படிச்ச கதைதான் இன்னைக்கு. அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர்னு ஒரு பல்கலைக்கழக நகரம். அங்க பால் சாகினா ஒரு ரெஸ்டாரன்ட்ல மேனேஜர். ரஷ்ய வரலாறு படிச்சு முடிச்ச ஆரி வைன்ஸ்வைக் அதே ரெஸ்டாரன்ட்ல பாத்திரம் கழுவ வந்து சேர்ந்தவர். இந்த ரெண்டு பேரும் சேர்ந்து 1982 மார்ச் 15 அன்று ஒரு கடை திறந்தாங்க. பேர் ஜிங்கர்மேன்ஸ். 1902ல் கட்டின பழைய செங்கல் கட்டடம், வேலைக்கு 2 பேர். விற்றது சாண்ட்விச், சீஸ், ரொட்டி, ஆலிவ் எண்ணெய்.

அந்தக் கடையில் எதையும் ருசி பார்த்துட்டு வாங்கலாம். ஒரு சீஸ் எந்த ஊர்ல இருந்து வருது, ஏன் இந்த விலைன்னு கேட்டா நின்னு சொல்வாங்க. ஊரே பேசுற கடை ஆயிடுச்சு. வாசல்ல க்யூ. 1992ல் சொந்தமா ஒரு பேக்கரியும் திறந்தாங்க.

கடை இப்படி ஓடினா அடுத்து என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். "எங்க ஊர்லயும் ஒண்ணு திறங்க"ன்னு ஆட்கள் வர ஆரம்பிச்சாங்க. ஃபிரான்சைஸ் கொடுத்தா உட்கார்ந்த இடத்துலயே காசு.

ஒரு நாள் மதிய கூட்ட நேரத்துல பால், ஆரியை வெளியே கூப்பிட்டு கடைக்கு முன்னாடி இருந்த பெஞ்ச்ல உட்கார வச்சார். இன்னும் 10 வருஷம் கழிச்சு நாம என்ன பண்ணிட்டு இருப்போம்னு கேட்டார். உள்ள அவ்வளவு வேலை கிடக்கும்போது இது என்ன கேள்வின்னு ஆரிக்கு எரிச்சல். ஆனா பதில் இல்லை. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் மாசக்கணக்குல பேசினாங்க. 1994ல் ஒரு முடிவை எழுதி வச்சாங்க. 2009ல் நாம எப்படி இருப்போம்னு 15 வருஷம் முன்னாடியே எழுதின ஒரு படம்.

அதுல இருந்த முடிவு இதுதான்: இந்தக் கடையை இன்னொரு ஊர்ல நகல் எடுக்கறதில்லை. வளர்ச்சி உண்டு, ஆனா அது ஆன் ஆர்பர் வட்டாரத்துக்குள்ள மட்டும். 12ல் இருந்து 15 வரை தனித்தனி தொழில்கள், ஒவ்வொண்ணும் வேற வேற மாதிரி. ஒவ்வொண்ணுலயும் பங்கு வச்சிருக்கிற ஒரு பார்ட்னர் நேர்ல நின்னு நடத்தணும்.

எங்க அப்பா கேட்ட கேள்விக்கு அவங்க எழுதின பதில் அது. எண்ணெயைப் பார்க்க ஒரு முதலாளி இருந்தா மட்டும் அடுத்த அடுப்பு.

அதே காலத்துல இன்னொரு கடை நேர் எதிர் பாதையில போச்சு. கிறிஸ்பி கிரீம். 1937ல் வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் நகரத்தில் தொடங்கின டோனட் கடை. கடைக்குள்ளயே சுட்டு, சூடா கையில கொடுப்பாங்க. ஜனங்க அதுக்காகத்தான் வந்தாங்க. 2000ல் பங்குச் சந்தைக்குப் போனது. வளர்ச்சி காட்டியே ஆகணும். வேகமா கிளைகள் திறந்தாங்க, பெட்ரோல் பங்க்லயும் சூப்பர் மார்க்கெட்லயும் ஆறின டோனட்டை பெட்டியில அடுக்கினாங்க. 2004ல் லாபம் சரிஞ்சது, பங்கு விலை விழுந்தது, கணக்குகள் மேல விசாரணை வந்தது. 2005 ஜனவரியில தலைமை அதிகாரி வெளியேறினார். எது அந்தக் கடைக்கு ஆட்களை இழுத்ததோ, அதையே விட்டுட்டு வளர்ந்தாங்க.

ஜிங்கர்மேன்ஸ் என்ன ஆச்சு? காபி, சீஸ் தயாரிப்பு, ஒரு ரெஸ்டாரன்ட், தபால்ல பொருள் அனுப்புற தொழில், மத்த கடைக்காரங்களுக்கு பயிற்சி கொடுக்கிற நிறுவனம் எல்லாம் வந்தது. எல்லாம் ஆன் ஆர்பர் வட்டாரத்துலயேதான். 2003ல் இன்க் பத்திரிகையின் அட்டைக் கட்டுரையே இவங்களைப் பத்தி. 2010களின் கடைசியில் வருட விற்பனை 6 கோடி டாலரைத் தாண்டினது.

ஒண்ணு நேர்மையா சொல்லணும். பணம் செலவழிக்கிற ஒரு பல்கலைக்கழக ஊர் அவங்களுக்கு அமைஞ்சது. எல்லா ஊரும் ஆன் ஆர்பர் கிடையாது. பயத்துல சும்மா இருந்துட்டு அதுக்கு நிதானம்னு பேர் வைக்கிறவங்களும் உண்டு. ரெண்டையும் எப்படி பிரிச்சுப் பார்க்கிறது? அவங்க எதை செய்யமாட்டோம்னு மட்டும் எழுதலை, அதுக்கு பதிலா என்ன செய்வோம்னும் தேதி போட்டு எழுதினாங்க. பயந்தவன் ரெண்டாவது பாதியை எழுதமாட்டான்.

நாங்களும் எழுதினோம், ஒரு பழைய காலண்டர் தாள் பின்பக்கத்துல. வேளச்சேரி வேண்டாம். பக்கத்து ஷட்டர் காலியானா பேக்கிங்குக்கும் ஆர்டருக்கும் எடுத்துக்கலாம். இப்ப இருக்கிற மாஸ்டர் பங்கு போட்டு கூட நிக்க சம்மதிச்சா, அப்போ ரெண்டாவது அடுப்பு. 3 வருஷம் கழிச்சு அந்தத் தாளை எடுத்துப் பார்க்கணும்.

வேளச்சேரி இடத்துல இப்ப ஒரு மொபைல் கடை ஜோரா ஓடுது. அந்தப் பக்கம் பைக்ல போகும்போது எனக்கு வருத்தமே இல்லைன்னு சொன்னா அது பொய். ஆனா அன்னைக்கு சாயங்காலம் கடைக்குப் போனா, அப்பா எண்ணெய்ச் சட்டியை எட்டிப் பார்த்துட்டு, "இது போதும், மாத்திடு"ன்னு மாஸ்டர்கிட்ட சொல்லிட்டு இருந்தார்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.