களவு போனால் யார் பதில் சொல்வது?



ஆடி பிறந்தால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் அதிகம். சிலர் சதுரகிரிக்கு, சிலர் மலையடிவாரத்து நீர்காத்த அய்யனார் கோவிலுக்கு. கிளம்பும் முன் என்னிடம் வரும் கேள்வி: "சார், நகையை வீட்டில் வைப்பதா, லாக்கரில் வைப்பதா?" சரித்திர வாத்தியாரிடம் கேட்டால் பதில் கொஞ்சம் சுற்றித்தான் வரும். பொறுமையாகப் படியுங்கள்.

அந்தக் காலத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு மண் சுவர். கதவில் எவ்வளவு பெரிய பூட்டுத் தொங்கினாலும் திருடன் அந்தப் பக்கமே வர மாட்டான். கன்னக்கோலால் பின்சுவரில் துளை போட்டு உள்ளே நுழைவான். 'கன்னம் வைத்தல்' என்ற சொல் அப்படி வந்ததுதான். ஆகவே பானையில் போட்டு அடுப்படியில் புதைத்தார்கள். புதைத்த பெரியவர் சொல்லாமலே போய்ச் சேர்ந்தால் பானையும் போச்சு. இப்படிக் கிடைக்கும் பொருளுக்காகவே 1878-இல் புதையல் சட்டம் வந்தது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பூட்டும் பானையும் போதாததால் ஊர் ஆளை நம்பியது. அதற்குப் பெயர் காவல். 1910-இல் ராமநாதபுரம் ஜில்லா உண்டாகும் வரை நம் தாலுகா திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. அந்தச் சீமை முழுக்க இந்த முறை இருந்தது. ஓர் ஊரைக் காப்பது ஸ்தல காவல். பல ஊர்களையும் பாதைகளையும் சேர்த்துப் பாளையக்காரர் காப்பது தேசகாவல். அறுவடையில் காவல்காரருக்கு ஒரு பங்கு தானியம் உண்டு.

இதில் முக்கியமான விஷயம் கூலி அல்ல, நிபந்தனை. களவு போனால் காவல்காரர் பொருளை மீட்டுத் தர வேண்டும். முடியாவிட்டால் அதன் மதிப்பைத் தானே ஈடு கட்ட வேண்டும். இன்று போலீஸ், இன்ஷூரன்ஸ் என்று இரண்டு இடத்தில் கேட்பதை அன்று ஒரே ஆளிடம் கேட்டார்கள். அவர் கண் அசராததற்குக் காரணம் இந்த நிபந்தனைதான்.

அது தளர்ந்தபோது எல்லாம் கெட்டது. பாளையக்காரர்களுக்கும் கம்பெனிக்கும் சண்டை மூண்டது. 1799-இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801-க்குள் பாளையங்கள் அடங்கின. 1816-ஆம் வருஷச் சட்டம் கிராம போலீஸ் வேலையை ஊர்த் தலைவரிடமும் தலையாரியிடமும் கொடுத்தது. காவல்காரருக்குச் சட்டப்படி இருந்த வருமானம் போயிற்று, பழக்கம் போகவில்லை. பல ஊர்களில் பணம் கொடுக்காத வீட்டு மாடு காணாமல் போகும். 'துப்புக்கூலி' கொடுத்தால் திரும்பி வரும். வேலியே பயிரை மேய்ந்த கதை.

இதைச் சகிக்காமல் 1896-இல் மதுரை, திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்தார் 'பண்டு' என்று ஒன்று ஆரம்பித்தார்கள். ஃபண்ட் என்ற ஆங்கிலச் சொல்தான் அப்படித் திரிந்தது. வீட்டுக்கு வீடு பணம் போட்டு, யார் மாடு களவு போனாலும் பொதுப்பணத்தில் ஈடு கொடுத்தார்கள். யோசனை நல்லது. ஆனால் அது கள்ளர்களை ஊரைவிட்டே விரட்டும் இயக்கமாகி, தீவைப்பிலும் கலவரத்திலும் போய் நின்றது.

பிறகு சர்க்கார் செய்தது அதைவிடக் கொடுமை. குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911-க்குப் பின் சென்னை மாகாணத்தில் அமல்படுத்தினார்கள். கள்ளர், மறவர்களில் பல பிரிவினர் உட்படப் பல சமூகங்கள் அதில் சிக்கின. திருடாதவரும் கைரேகை வைக்க வேண்டும். இரவில் போலீஸ் கண்காணிப்பில் படுக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்து எதிர்த்து நின்றவர்களைப் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணும் இறந்தவர்களில் ஒருவர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல்தான் ஒழிந்தது. ஊரைக் காத்தவர்களின் பேரப்பிள்ளைகளைப் பிறவித் திருடர் என்று எழுதிய சட்டம் அது. தெருவில் களவு நடந்த உடனே ஒரு சாதியின் பெயரையோ, பிழைக்க வந்த வெளியூர்க்காரரையோ சொல்கிற வாய்க்கு இதை நினைவுபடுத்துங்கள்.

இனி லாக்கருக்கு வருகிறேன். "உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது, நாங்கள் பொறுப்பில்லை" என்றே வங்கிகள் வெகுகாலம் சொல்லி வந்தன. 2021-இல் உச்ச நீதிமன்றம் அப்படிக் கைகழுவ முடியாது என்றது. ரிசர்வ் வங்கியின் புதிய விதி 2022 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. திருட்டு, கொள்ளை, தீ, ஊழியர் மோசடி ஆகியவற்றால் லாக்கர் பொருள் போனால், ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரை வங்கி தர வேண்டும். பழைய காவல் நிபந்தனை பாதி திரும்பி வந்திருக்கிறது! பாதி என்று ஏன் சொல்கிறேன்? வாடகை 2,000 ரூபாய் என்றால் ஈடு 2 லட்சம். இன்றைய விலையில் அது எத்தனை பவுன் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஆகவே என் பதில்: நகை லாக்கரில் இருக்கட்டும். பட்டியலும் போட்டோவும் உங்களிடம் இருக்கட்டும். மிச்சத்துக்கு இன்ஷூரன்ஸ் எடுங்கள். ஊருக்குப் போகுமுன் காவல் நிலையத்திலும் பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள். போட்டோக்களைத் திரும்பி வந்தபின் முகநூலில் போடுங்கள். யாரிடம் எதை ஒப்படைத்தாலும், போனால் யார் பதில் சொல்வார் என்று முதலில் கேளுங்கள்.

எல்லையை அய்யனார் பார்த்துக்கொள்வார். பீரோ சாவி உங்கள் பொறுப்பு.