நாளிதழ் பெற்ற ஆட்டம்

ஃபேன்டசி கால்பந்து கைப்பேசிச் செயலிகளோடு பிறந்த பொழுதுபோக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நிஜ வீரர்களைப் பொறுக்கி ஓர் அணி அமைத்துக்கொள்வது, அவர்கள் மைதானத்தில் செய்வதற்கெல்லாம் புள்ளி வாங்குவது, சீசன் முடியும்போது நண்பர்களில் யார் கணக்கு மேலே நிற்கிறது என்று பார்ப்பது. ஆட்டம் இவ்வளவுதான். இதற்கு இணையம் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது மறுநாள் காலை வாசலில் வந்து விழும் நாளிதழின் விளையாட்டுப் பக்கம். இந்த ஆட்டம் உருவான ஒவ்வொரு நாட்டிலும் அதன் பிறப்புக்கோ வளர்ப்புக்கோ பத்திரிகை உலகம் துணை நின்றிருக்கிறது. நாளிதழ் எதை அச்சிட்டதோ அதை ஆட்டம் எண்ணியது, அச்சிடாததைக் கண்டுகொள்ளவில்லை. புதிதாக ஆடவருகிறவரைக் குழப்பும் விதிகள் பலவற்றுக்கும் காரணம் அந்தப் பழைய பக்கங்களில்தான் இருக்கிறது.

கதை 1962இல், பந்தைக் கையால் வீசியும் ஏந்தி ஓடியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தில் தொடங்குகிறது. கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் ரைடர்ஸ் அணிக்கு அது மிக மோசமான ஆண்டு. முதல் 13 ஆட்டங்களிலும் தோற்று, 14ஆவதில்தான் ஜெயித்தார்கள். அணியில் சிறு பங்கு வைத்திருந்த தொழிலதிபர் பில் விங்கன்பாக், கிழக்குக் கரைப் பயணத்தின்போது நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் இருவரோடு உட்கார்ந்து ஒரு போட்டிக்கான விதிகளை வகுத்தார். ஒருவர் அணியின் விளம்பரத் தொடர்பாளர் பில் டன்னல். மற்றவர் ‘ஓக்லண்ட் டிரிப்யூன்’ நிருபர் ஸ்காட்டி ஸ்டர்லிங். 1963 ஆகஸ்டில் விங்கன்பாக்கின் வீட்டில் எட்டு அணிகளின் சொந்தக்காரர்கள் கூடி, முறைவைத்து வீரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். டிராஃப்ட் என்று இன்று சொல்லப்படுவது அதுதான். ஒருவர் எடுத்த வீரர் அடுத்தவருக்குக் கிடையாது.

அன்று முதலில் எடுக்கப்பட்டவர் ஹூஸ்டன் ஆயிலர்ஸ் அணியின் ஜார்ஜ் பிளாண்டா. அந்தக் காலத்தின் மிகப் பெரிய ஓட்டக்காரர் ஜிம் பிரவுன் இருக்க, பிளாண்டா முந்தினார். அதற்கு முந்தைய சீசனில் பிளாண்டா வீசிய பந்துகளில் 42ஐ எதிரணியினர் பறித்திருந்தார்கள். அந்த அவப்பெயர்ச் சாதனை இன்றுவரை முறியடிக்கப்படவில்லை. ஆனாலும் அவரை எடுத்ததில் கணக்கு இருந்தது. அவர் டச் டவுனுக்கும் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) பந்து வீசுவார், கோலும் உதைப்பார். விங்கன்பாக்கின் விதிகளில் புள்ளி எடுத்தால்தான் காசு. பந்தைப் பறிகொடுத்தால் நஷ்டமில்லை. அதே 1963இல் ஜிம் பிரவுன் 1,863 யார்டு ஓடி அதுவரை யாரும் தொடாத சாதனை படைத்தார். அந்த யார்டுகளுக்கு அந்தக் குழுவில் ஒரு சென்ட்கூடக் கிடையாது. கையில் பென்சிலோடு கணக்குப் போடுகிறவருக்கு நாளிதழில் ஒவ்வொரு ஆட்டத்தின் கீழும் வரும் நான்கைந்து வரிச் சுருக்கம் போதும்: யார் எடுத்தார், எப்படி எடுத்தார். ஓடிய தூரத்தையும் சேர்த்தால் வேலை பல மடங்காகும். அந்தக் குழுவில் இருந்த ஆண்டி மூசலிமாஸ் பின்னர் தம்முடைய ‘கிங்ஸ் எக்ஸ்’ மதுக்கடையில் வாடிக்கையாளர்களுக்காக இதே ஆட்டத்தை நடத்தினார். யார்டுகள் கணக்கில் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

ஓக்லண்ட்தான் முதல் என்பதை மறுக்கிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 1960இலேயே சமூகவியலாளர் வில்லியம் காம்சன் பேஸ்பால் வீரர்களை வைத்து இப்படியொரு போட்டியை நண்பர்களிடையே நடத்தினார். அந்தச் செய்தி மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் ராபர்ட் ஸ்க்லர் வழியாக மாணவர் டேனியல் ஓக்ரெண்டை எட்டியது. பின்னாளில் பத்திரிகையாளரான ஓக்ரெண்ட் 1980இல் நியூயார்க்கில் ‘ரோட்டிசரி’ என்ற ஃபேன்டசி பேஸ்பால் லீகைத் தொடங்கினார். இந்தச் சான்று நான் சொல்வதற்கு வலுவே சேர்க்கிறது. பேஸ்பால் முந்திக்கொண்டதற்குக் காரணம், அந்த ஆட்டத்துக்கு நாளிதழில் ஏற்கெனவே முழுமையான ஸ்கோர் அட்டை இருந்ததுதான். 19ஆம் நூற்றாண்டில் அந்த அட்டையைச் செம்மைப்படுத்திய ஹென்றி சாட்விக், கிரிக்கெட் எழுதிப் பழகிய நிருபர். ரோட்டிசரி நாடெங்கும் பரவியதற்கும் நிருபர்களே காரணம். 1981இல் பேஸ்பால் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது எழுத ஆட்டமில்லாமல் இருந்தவர்கள் இதைப் பற்றி எழுதினார்கள்.

காலால் ஆடும் கால்பந்துக்கு வந்தால்தான் சிக்கலின் முழு அளவும் தெரியும். 90 நிமிடம் ஆடி 0–0 என்று முடிகிற ஆட்டத்தில் எதை எண்ணுவது? கோல் அடித்தவருக்குப் பெயர் உண்டு. எதிரணியின் கோலைத் தடுத்த நடுத் தடுப்பாட்டக்காரருக்கு எண்ணே இல்லை. இந்த முடிச்சை மிக அழகாக அவிழ்த்தவர் மிலான் நகரத்துப் பத்திரிகையாளர் ரிக்கார்டோ அல்பினி என்பது என் கருத்து. அமெரிக்காவின் ஃபேன்டசி பேஸ்பாலை அறிந்திருந்த அவர், 1988 ஐரோப்பியக் கோப்பையை ஒட்டி நண்பர்களோடு ஒத்திகை பார்த்து, 1990இல் ‘ஃபாண்டாகால்ச்சோ’ விதிகளைப் புத்தகமாக்கினார். இத்தாலிய விளையாட்டு நாளிதழ்களில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் நிருபர் ஒவ்வொரு வீரருக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார். 6 வாங்கினால் தேர்ச்சி. அல்பினி அந்த மதிப்பெண்ணையே அடித்தளமாக வைத்தார். அதன்மேல் கோலுக்கு 3 கூட்டல், மஞ்சள் அட்டைக்கு அரை கழித்தல், சிவப்புக்கு 1 கழித்தல். கோல் வாய்ப்பே வராத தடுப்பாட்டக்காரரும் நன்றாக ஆடினால் 7 வாங்கித் தம் சொந்தக்காரருக்கு உதவ முடியும். எண்ணிக்கை கைவிட்ட இடத்தில் ஒரு மனிதரின் கண் வந்து நின்றது. நிருபரின் தீர்ப்பு ஒருதலைப்பட்சமானது, அதை நம்பி ஓர் ஆட்டமா என்று கேட்கலாம். ஆனால் அந்தத் தீர்ப்பைத் திட்டுவதும் தூக்கிப்பிடிப்பதும் இத்தாலிய வாசகரின் திங்கட்கிழமைக் காலையில் முன்பே இருந்த பழக்கம். ஆட்டம் அதற்கு ஒரு பலனைச் சேர்த்தது, அவ்வளவே. 1994இல் ‘காசெட்டா டெல்லோ ஸ்போர்ட்’ தானே இந்தப் போட்டியை நடத்த முன்வந்தது.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. 1991இல் ஆண்ட்ரூ வைன்ஸ்டீன் அங்கே ஃபேன்டசி லீகைத் தொடங்கினார். 1994இல் ‘டெய்லி டெலிகிராஃப்’ தன் வாசகர்களுக்காகப் போட்டி நடத்தியது. அதே ஆண்டு பிபிசி தொலைக்காட்சியில் இந்த ஆட்டத்தின் பெயரிலேயே ஒரு நிகழ்ச்சி வந்தது. மதிப்பெண்ணுக்குப் பதிலாக அங்கே உறுதியான தகவல்கள் எண்ணப்பட்டன: கோல், கோலுக்கு உதவி, கோல் விடாமல் முடித்த ஆட்டம். மூன்றாவதைக் கவனியுங்கள். ஆட்டத்தின் முடிவும் ஆடியவர்கள் பட்டியலும் இருந்தால் யார் வேண்டுமானாலும் அதைக் கணக்கிடலாம். மதிப்பெண்ணை விட்டுவிட்டால், தடுப்பாட்டக்காரரின் உழைப்பை அளக்க நாளிதழ் வாசகருக்குக் கிடைத்த ஒரே கருவி அது. 2002–03 சீசனில் வந்த ஃபேன்டசி பிரீமியர் லீகும் அதையே கைக்கொண்டது. தடுப்பாட்டக்காரர் கோல் அடித்தால் 6, நடுகள வீரருக்கு 5, முன்கள வீரருக்கு 4. கோல் விடாத ஆட்டத்துக்குத் தடுப்பாட்டக்காரருக்கும் கோல்கீப்பருக்கும் 4. பந்தைப் பறித்தல், மறித்தல் போன்றவற்றுக்குத் தனிப் புள்ளி 2025–26 சீசனில்தான் வந்தது.

இணையம் இல்லாவிட்டால் இன்று ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் ஃபேன்டசி பிரீமியர் லீகை ஆடுவார்களா என்று கேட்டால், மாட்டார்கள். பென்சில் கணக்கின் சலிப்பை இணையம் ஒழித்தது. உலகம் முழுவதையும் ஒரே பட்டியலில் சேர்த்தது. ஆனால் வடிவம் அதற்கு முன்பே முடிவாகிவிட்டது. வாரக் கணக்கு, 15 பேர் கொண்ட அணி, 10 கோடி பவுண்டு கற்பனைப் பணம் என்று இன்று காண்பவற்றில் காகிதத்தால் செய்ய முடியாதது எதுவும் இல்லை.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம், இது சூதாட்டம்தானே என்பது. ஓக்லண்ட்காரர்கள் சில்லறைக் காசு வைத்து ஆடினார்கள் என்பது உண்மை, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் எட்டு நண்பர்கள் ஒரு சீசன் முழுவதும் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டு ஆடுவதும், முகம் தெரியாதவர்களோடு ஒரே ஆட்டத்துக்குப் பணம் கட்டி அன்றிரவே ஜெயிப்பதும் தோற்பதும் ஒன்றல்ல. பின்னதை வளர்த்தவை 2009 முதல் வந்த ஃபேன்டூயல், டிராஃப்ட்கிங்ஸ் போன்ற நிறுவனங்கள். இது சூதாட்டமா என்று இந்தியாவில் நடந்த வழக்குகளின் வேர் சென்னையில் இருக்கிறது. கிண்டி குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, பிற்பாடு ஃபேன்டசி நிறுவனங்களுக்குக் கேடயமானது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்தது. அந்தத் தடை சரி என்றே கருதுகிறேன். ஆட்டத்தின் உயிர் நீண்ட சீசனிலும் தெரிந்த முகங்களிலும் இருக்கிறது. தினசரிப் பந்தயம் அந்த இரண்டையும் வெட்டிவிட்டது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் வீரர்களின் பெயர்களைப் பார்க்கும் முன் புள்ளி அட்டவணையைப் படியுங்கள். அது எதை எண்ணுகிறது, எதை விட்டுவிடுகிறது என்று குறித்துக்கொண்டு அணியைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தால் முதல் சீசனைத் தெரிந்தவர்கள் ஆறேழு பேரோடு, காசில்லாமல், ஒரு நோட்டில் நீங்களே கணக்கெழுதி ஆடிப்பாருங்கள்.