முந்நூற்று நாலு: ஒல்லாந்தர் சீட்டு தீவகத்து ஆட்டமான வரலாறு

யாழ்ப்பாணத் தீவகத்தில் "காட்ஸ் விளையாடுவம்" என்று ஒருவர் கூப்பிட்டால், பெரும்பாலும் அவர் கருதுவது முந்நூற்று நாலு என்ற ஆட்டத்தைத்தான். ஆட்டத்துக்கு வேண்டியவை நான்கு பேர், இரண்டு சோடி, 32 சீட்டு. மேசை தேவையில்லை, ஒரு பாய் போதும். ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிப் போகவேண்டிய அனலைதீவு போன்ற சிறு தீவில் மாலைப் பொழுதும் மழைக்காலமும் நீளமானவை. புகையிலைத் தோட்டத்தில் வேலை குறைந்த நாள்களில் மர நிழலிலும் வீட்டு விறாந்தையிலும் இந்த ஆட்டம் நடந்தது. சிவராத்திரியில் கண்விழிக்கவும், செத்தவீட்டில் இரவு முழுக்கத் துணையிருக்கவும் இதுவே கைகொடுத்தது. காசு வைத்து ஆடும் சூதாட்டங்களை ஊர் வெறுத்தது. முந்நூற்று நாலில் காசு இல்லாததால் அதைப் பெரியவர்கள் பொறுத்துக்கொண்டார்கள், பலர் தாங்களே ஆடினார்கள். விதிகளை யாரும் புத்தகம் பார்த்துப் படிக்கவில்லை. ஆடுபவரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் கைச்சீட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் பிள்ளைகள் கற்றார்கள்.

ஆட்டத்தின் வேர் ஒல்லாந்தர் காலத்தில் இருக்கிறது. 1658 யூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கைக்கு மாறியது. புதிய ஆட்சியாளர் தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆனது. வேலணைத்தீவு லெய்டன், புங்குடுதீவு மிடில்பர்க், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ட், அனலைதீவு ரொட்டர்டாம் என்று அவர்களுடைய ஏடுகளிலும் படங்களிலும் ஏறின. 1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயரிடம் போனபின் இந்தப் பெயர்களில் டெல்ஃப்ட் மட்டுமே ஆங்கில வழக்கில் நிலைத்தது. அனலைதீவாரின் வாயில் ரொட்டர்டாம் என்ற பெயர் ஒருநாளும் ஏறவில்லை. ஆனால் அந்த ஆட்சியோடு வந்த சீட்டுக்கட்டு ஊரில் தங்கிவிட்டது.

அதற்கு முதற் சான்று சீட்டு இனங்களின் பெயர்கள். யாழ்ப்பாணத்தில் இனங்கள் நான்கும் ஸ்கோப்பன், ஆடுத்தன், உறுவித்தன், கலாவரை என்று வழங்குகின்றன. ஊருக்கு ஊர் ஒலி சிறிது திரியும். ஒல்லாந்த மொழியில் இவை ஸ்கொப்பன், ஹார்ட்டன், ரௌட்டன், கிளாவர். சிங்களத்திலும் இஸ்கோப்ப, ஹாரத்த, ரூவித்த, கலாபர என்று இதே நான்கும் உள்ளன. போர்த்துக்கேயர் ஒல்லாந்தருக்கு முன்பே வந்தவர்கள், சீட்டாட்டத்தில் பெரும் பிரியமுள்ளவர்கள். அப்படியிருந்தும் இலங்கையின் இரண்டு மொழிகளும் அவர்களுடைய இனப்பெயர்களை எடுக்காமல் ஒல்லாந்தருடையதை எடுத்திருப்பதால், சீட்டு இங்கே மக்கள் ஆட்டமாக வேரூன்றியது பின்னவர் காலத்தில்தான் என்று கொள்ளலாம்.

இரண்டாவது சான்று இன்னும் வலியது. உலகின் பெரும்பாலான சீட்டாட்டங்களில் ஆஸ் அல்லது ராசா தலைமைச் சீட்டாக இருக்கும். முந்நூற்று நாலில் ஜாக்கிதான் தலைமை, அதற்கு அடுத்தது ஒன்பது. ஆஸும் பத்தும் அவற்றுக்குக் கீழே வரும், ராசாவும் ராணியும் அதற்கும் கீழே. இந்த விசித்திரமான வரிசை ஐரோப்பாவில் யாஸ் என்ற ஆட்டக் குடும்பத்துக்கு உரியது. அந்தக் குடும்பம் ஒல்லாந்தில் தோன்றியது என்பதே சீட்டாட்ட வரலாற்றை ஆராய்ந்தவர்களின் பொதுவான கருத்து. அது சுவிட்சர்லாந்துக்குப் போய் அங்கே தேசிய ஆட்டமானது. சுவிஸ் ஆவணத்தில் அதன் பெயர் முதலில் தோன்றுவது 1796இல், சாஃப்ஹௌசன் மாநிலத்தில். ஒல்லாந்தரிடம் கூலிப்படையாக இருந்த சுவிஸ் வீரர்களே அதை ஊருக்குக் கொண்டுபோனார்கள் என்பர். அப்படிப்பட்ட படையொன்று இலங்கையிலும் இருந்தது. 1781இல் நியூஷாத்தலில் திரட்டப்பட்ட த மெரோன் படையணி கம்பனிக்காக இங்கே சேவை செய்து, 1795இல் ஆங்கிலேயர் பக்கம் மாறியது. கோட்டைக் காவலில் நேரம் போக்கிய சிப்பாய்களும் கணக்கப்பிள்ளைகளும் ஆடிய ஆட்டம், அவர்களோடு பழகிய உள்ளூராரின் கைக்கு வந்ததில் வியப்பில்லை.

வந்த ஆட்டத்தை உள்ளூரார் வந்தபடியே வைத்திருக்கவில்லை. இந்த வரலாற்றில் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி இதுதான். நெதர்லாந்தில் இன்றும் ஆடப்படும் கிளாவர்யாஸ் ஆட்டத்தில் ஜாக்கிக்கும் ஒன்பதுக்கும் பெருமதிப்பு கிடைப்பது மற்ற இனங்களை வெட்டும் துரும்பு இனத்தில் மட்டும்: துரும்பு ஜாக்கிக்கு 20, துரும்பு ஒன்பதுக்கு 14. மற்ற மூன்று இனங்களிலும் ஜாக்கிக்கு வெறும் 2, ஒன்பதுக்கு ஒன்றுமில்லை. ஆக ஆடுபவர் இரண்டு வரிசைகளையும் இரண்டு மதிப்புப் பட்டியல்களையும் நினைவில் வைக்கவேண்டும். இங்கே அந்த இரட்டைக் கணக்கு நீக்கப்பட்டது. எல்லா இனத்திலும் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் மதிப்பில்லை. ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. ஆட்டத்தின் பெயர் இந்தக் கூட்டுத்தொகைதான். கிளாவர்யாஸிலும் சுவிஸ் யாஸிலும் சீட்டுகளின் மொத்த மதிப்பு 152. அதைச் சரியாக இரட்டித்தால் 304 வரும். இது தற்செயலாகவும் இருக்கலாம், ஆனாலும் எண்ணிப் பார்க்கத் தக்க ஒற்றுமை.

மதிப்பு ஒன்றானதும் ஆட்டத்தின் சுவை மாறியது. எந்த இனத்தின் ஜாக்கியும் 30 என்றால், அதைக் காப்பாற்றுவதும் எதிரியிடமிருந்து பறிப்பதும் ஒவ்வொரு பிடியிலும், அதாவது நால்வரும் ஒவ்வொரு சீட்டுப் போடும் ஒவ்வொரு சுற்றிலும், பிரச்சினையாகிவிடும். அதோடு கேள்வியும் மறைதுரும்பும் சேர்ந்தபோது முந்நூற்று நாலு தனியாட்டமாக நிமிர்ந்தது.

சீட்டைக் கலைத்து, வலக்கைப் பக்கமாக ஆளுக்கு நாலு சீட்டுப் போடுகிறார்கள். பாதிக் கையைப் பார்த்தே கேள்வி கேட்கவேண்டும். ஒருவருக்கு ஸ்கோப்பனில் ஜாக்கி, ஒன்பது, ஏழு ஆகிய மூன்றும் ஆடுத்தன் ஆஸும் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது 61. அவர் 160 கேட்கிறார். அதற்குக் குறைந்த கேள்வி கிடையாது. மொத்தத்தின் பாதி 152 என்பதால், கேட்பவர் பாதிக்குச் சற்று மேலே எடுத்துக் காட்டுவதாக வாக்குக் கொடுக்கிறார். வேறு யாரும் மேலே போகாவிட்டால், ஸ்கோப்பன் ஏழைத் துரும்பாகக் கவிழ்த்து முன்னால் வைக்கிறார். அது எந்த இனம் என்று எதிரிகளுக்கும் தெரியாது, அவருடைய சோடிக்கும் தெரியாது. அதன்பிறகே மீதி நாலு சீட்டும் வரும்.

ஆட்டம் தொடங்கி ஒருவர் உறுவித்தன் ஜாக்கியை இறக்குகிறார். அடுத்தவரிடம் உறுவித்தன் இல்லை. அவர் ஒரு சீட்டைக் கவிழ்த்துப் போடுகிறார். துரும்பு ஸ்கோப்பனாக இருக்கலாம் என்று ஊகித்துப் போட்டாரா, கழிவுச் சீட்டைத் தள்ளினாரா என்பது அவருக்கு மட்டுமே தெரியும். பிடி முடிந்ததும் கேள்வி கேட்டவர் கவிழ்ந்த சீட்டை எடுத்துத் தனியாகப் பார்க்கிறார். அது துரும்பானால் முன்னால் வைத்திருந்த சீட்டையும் திறந்துகாட்ட வேண்டும். குறைந்தது 30 மதிப்புள்ள அந்தப் பிடி வெட்டியவருக்குப் போகும். துரும்பில்லாவிட்டால் எதுவும் சொல்லாமல் திரும்பக் கவிழ்த்துவிடுவார், மறைவு தொடரும். அந்தக் கணத்தில் அவர் முகத்தையே மற்ற மூவரும் பார்ப்பார்கள். துரும்பைத் தொடக்கத்திலேயே திறந்து ஆடவும் வழி உண்டு. பலமான கை வந்தவர்கள் அப்படிச் செய்வார்கள். துரும்பு இனத்தை எல்லோருக்கும் தெரிய அறிவிக்கும் ஐரோப்பிய முறையோடு ஒப்பிட்டால், இந்த மறைதுரும்பு விதி எவ்வளவு நுட்பமானது என்பது விளங்கும். நினைவாற்றலும் ஊகமும் மட்டுமல்ல, முகத்தை அடக்கிவைக்கும் திறமையும் ஆட்டத்துக்குள் வந்துவிடுகிறது.

வெற்றி தோல்வியைக் காய்களால் கணக்கிடுவது வழக்கம். கேட்டவர் எடுத்தால் ஒரு காய் பெறுவார், விழுந்தால் இரண்டு கொடுப்பார். கேள்வி ஏறினால் இரண்டும் ஏறும். புளியங்கொட்டையும் தீக்குச்சியும் காய்களாகும். எட்டுப் பிடியையும் ஒரு சோடியே எடுத்துவிடுவது ஆட்டத்தின் உச்சம். கொழும்பில் இதைக் கப்ஸ் என்பார்கள். ஓர் ஆள் குறைந்தால் ஏழையும் எட்டையும் நீக்கி, 24 சீட்டை மூவருக்குப் பங்கிடலாம், அப்போதும் மொத்தம் 304 மாறாது. சோடி கேட்டதற்குமேல் கேட்கலாமா, எவ்வளவுக்குமேல் போனால் கேட்கலாம், மதிப்பே இல்லாத நாலு சீட்டு வந்தவர் திரும்பப் போடச் சொல்லலாமா என்பவற்றில் மேசைக்கு மேசை வேறுபாடு உண்டு.

இதே மதிப்புகள் கடல்வழியே இன்னும் பல ஊர்களில் கிடைக்கின்றன. ஒல்லாந்தர் 1663 முதல் 1795 வரை கொச்சியை வைத்திருந்தார்கள். கேரளத்தில் ஆடப்படும் ஆட்டம் இருபத்தெட்டு. அங்கே ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. முந்நூற்று நாலின் மதிப்புகளைப் பத்தால் வகுத்து உதிரியைத் தள்ளினால் வருவது இதுவே. ஓர் இனத்துக்கு 7, நான்குக்கு 28. கடைசிப் பிடிக்கு ஒரு புள்ளி கூட்டினால் வங்கத்தில் பேர்பெற்ற இருபத்தொன்பது. இரண்டு கட்டை ஒன்றாக்கி ஆறுபேர் ஆடினால் ஐம்பத்தாறு. தமிழகத்திலும் கர்நாடகக் கரையோரத்திலும் முந்நூற்று நாலு அதே பெயரோடு இருக்கிறது. தென்னாபிரிக்காவின் டர்பனில், 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியர்களின் வழிவந்தோர் துனீ என்ற ஆட்டத்தை ஆடுகிறார்கள். 24 சீட்டு, ஆளுக்கு ஆறு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, மொத்தம் 304. தண்ணி என்ற தமிழ்ச் சொல்தான் துனீ ஆனது என்று சொல்லப்படுகிறது. ஒல்லாந்தர் கால்வைத்த கரைகளிலும் தமிழர் போன கரைகளிலும் இந்த ஆட்டம் வேறுவேறு அளவில் தைக்கப்பட்டிருக்கிறது.

விதியைத் தம் தேவைக்கு ஏற்ப மாற்றுவது மேசை விளையாட்டுகள் அனைத்துக்கும் பொது. இந்தியாவின் பச்சீசி இங்கிலாந்தில் எளிமையாக்கப்பட்டு 1896இல் லூடோ என்று காப்புரிமை பெற்று, அதே பெயரோடு நம் கடைகளுக்கே திரும்பி வந்தது. அமெரிக்காவில் 1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் இடைக்காலப் போர்களைப் பொம்மைப் படைகளால் ஆட செயின்மெயில் என்ற விதிநூலை வெளியிட்டார்கள். அதன் பின்னிணைப்பில் மந்திரவாதிகளும் டிராகன்களும் இருந்தன. டேவ் ஆர்னெசன் அந்த விதிகளைத் தம் நண்பர்களோடு ஆடிய பிளாக்மோர் என்ற கற்பனை உலகக் கதைக்காக வளைத்தார். ஒரு படைக்குப் பதில் ஒரு பாத்திரத்தை ஒருவர் நடத்தினார். அதிலிருந்து 1974இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டம் பிறந்தது. இன்றுவரை அதை ஆடும் ஒவ்வொரு குழுவும் தனக்கென்று வீட்டு விதி வைத்திருக்கிறது. மாற்றிய கைகளின் பெயர் அங்கே அச்சில் இருக்கிறது. துரும்பைக் கவிழ்த்துவைக்க முதலில் எண்ணியவரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் வேலையின் தரத்தில் இரண்டுக்கும் வேறுபாடு காண முடியாது. ஒல்லாந்தச் சீட்டின் சிதைந்த வடிவம் என்று முந்நூற்று நாலைச் சொல்வது தவறு. நன்றாக யோசித்துத் திருத்தப்பட்ட வடிவம் அது.

போர்க்காலத்தில் தீவகம் பெருமளவு வெறுமையானது. அனலைதீவாரும் அயல் தீவாரும் கொழும்புக்கும், கடல் கடந்து கனடா, இங்கிலாந்து, பிரான்ஸ் முதலிய நாடுகளுக்கும் போனார்கள். ரொறன்ரோவில் ஊரவர் கூடும் கோடைகால ஒன்றுகூடல்களில் இன்றும் ஒரு மூலையில் சீட்டு விழும். அங்கே வேலணையாரும் புங்குடுதீவாரும் வலிகாமத்தாரும் ஒரே பாயில் இருக்கவேண்டி வருவதால், ஆட்டம் தொடங்குமுன் யாருடைய விதி என்று பேசித் தீர்க்கவேண்டியிருக்கிறது. கைப்பேசியில் ஆடும் செயலிகளோ ஒரே விதியை எல்லோருக்கும் பொதுவாக்குகின்றன. அவற்றில் பழகும் பிள்ளைகளுக்குத் தங்கள் ஊர் விதி இன்னொன்று என்பதே தெரியாமல் போகும்.

ஊர் ஊராக இருந்த இந்த விதிகள் பெரும்பாலும் எழுதப்படாமலே உள்ளன. ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிமமாக்கிச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் போன்ற இடங்களில், கோயில் மலர்களுக்கும் பள்ளி மலர்களுக்கும் பக்கத்தில் அனலைதீவின் சீட்டு விதிக்கும் ஓர் இடம் இருக்கவேண்டும். அறுபது எழுபது வயதைக் கடந்த ஆட்டக்காரர் வீட்டில் இருந்தால், அவர் எந்த ஊரில் யாரிடம் கற்றார், கேள்வியை எப்படி ஏற்றினார், எந்தக் கையைத் திரும்பப் போடவிட்டார் என்பவற்றைக் கேட்டு, ஊர்ப் பெயரோடு எழுதி வையுங்கள்.