இணையப் பல்லூடகவியல்

ஒலியையும் காணொளியையும் இணையத்தின் வழியே உடனுக்குடன் அனுப்பும் முறைகளைக் கற்பிக்கும் பாடம். கணினி அறிவியல், மின்னணுத் தொடர்பியல் துறைகளில் பெரும்பாலும் முதுநிலையில் இடம்பெறுகிறது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு இதில் தனி இடம் உண்டு. ஆர்டிபி (1996), ஆர்டிஎஸ்பி (1998), எஸ்ஐபி (1999) ஆகிய மூன்று நெறிமுறைகளின் உருவாக்கத்திலும் பங்குகொண்ட ஹென்னிங் ஷுல்ஸ்ரின்னே அங்குதான் பேராசிரியர்.

பாடத்தின் முடிச்சு நேரம். இணையத்தில் தரவுப் பொட்டலங்கள் தொலையும், வரிசை மாறும், முன்பின்னாக வந்து சேரும். தொலைந்ததை மறுபடி அனுப்பும் டிசிபி நெறிமுறை, மின்னஞ்சலுக்குப் பொருந்தும். பேச்சுக்கு ஆகாது, பிந்தி வந்த சொல்லால் பயனில்லை. ஆகவே ஒலியையும் காணொளியையும் சுமக்கும் ஆர்டிபி, பெரும்பாலும் தொலைந்ததை மறுபடி அனுப்பாத யுடிபி நெறிமுறையின் மேல் இயங்குகிறது. ஒவ்வொரு பொட்டலத்திலும் உள்ள வரிசை எண்ணையும் நேர முத்திரையையும் கொண்டு பெறும் கருவி ஒலியைச் சீராக்குகிறது. இயல்பான உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடியைத் தாண்டக் கூடாது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

ஜி.711 என்னும் பேச்சுக் குறியாக்க முறையில் 20 மில்லிவினாடிப் பேச்சு 160 பைட். ஐபி நான்காம் பதிப்பில் அதைச் சுமக்கும் ஐபி, யுடிபி, ஆர்டிபி தலைப்புகளே 40 பைட். இந்தக் கணக்கைக் கையால் போட்டுப் பார்க்காதவருக்குப் பாடம் பிடிபடுவது கடினம். கற்றது இன்றும் உதவும்: உலாவிவழி அழைப்புகளுக்கான வெப்ஆர்டிசியும் ஆர்டிபியையே பயன்படுத்துகிறது.