காட்டுப் பாதை மராத்தான்: களமிறங்கும் முன் அறிய வேண்டியவை

சபாவில் 4,095 மீட்டர் உயர்ந்து நிற்கும் கினாபாலு மலையில் 1987 முதல் மலையோட்டப் போட்டி நடத்தப்பட்டு வந்தது. அதே மலையின் அடிவாரக் கம்பங்களைச் சுற்றி 2011-இல் தொடங்கிய டி.எம்.பி.டி. ஓட்டத்தில் 50, 100 கிலோமீட்டர் பிரிவுகள் உண்டு. தொங்கு பாலம், ஆறு, சேற்றுச் சரிவு என மாறி மாறி வரும் இத்தகைய பாதைக்குத் தார்ச்சாலைப் பயிற்சி மட்டும் போதாது.

தூரத்தோடு ஏற்றத்தையும் பாருங்கள்

சாலை மராத்தானின் தூரம் 42.195 கிலோமீட்டர். அதே தூரம் மலைப் பாதையில் இரு மடங்கு நேரத்தை விழுங்கலாம். மலை நடையாளர்கள் 1892 முதல் பயன்படுத்தும் கணக்கு ஒன்று உண்டு: 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மேலும் 1 மணி நேரம். அதன்படி, மொத்தம் 2,000 மீட்டர் ஏற்றமுள்ள 42 கிலோமீட்டர் பாதையை நடந்தே கடக்க ஏறக்குறைய 11 மணி 45 நிமிடம் ஆகும். பதிவு செய்யுமுன் இதைப் போட்டியின் கால வரம்போடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

இறக்கமே தொடையைப் பதம் பார்க்கும்

ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இறக்கத்தில் தொடை பழுதாகும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குவதால் அதில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. ஒருமுறை பழகிய தசை சில வாரங்களுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும். ஆகவே, இறங்கி ஓடுவதையும் தனியாகப் பயில வேண்டும். கடினமான கடைசிப் பயிற்சியை 2 அல்லது 3 வாரங்களுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

தோட்டத்தில் வசிப்போருக்குச் செம்பனைக் காட்டு மண் சாலையே நல்ல களம். நிர்வாகத்தின் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் புக்கிட் காசிங், பினாங்கில் 833 மீட்டர் உயரக் கொடிமலை ஆகியவை ஏற்றவை. அடுக்குமாடிப் படிக்கட்டும் கைகொடுக்கும்.

வெப்பமும் நீரும்

நம் காட்டு ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் உலராது. உடல் சூடு தணியாது. வெயிலுக்கு உடல் பழக 10 முதல் 14 நாள்கள் ஆகும். குளிர்சாதன அலுவலகத்தில் வேலை செய்வோர் இதை மறக்கக்கூடாது. தாகத்திற்கேற்பக் குடியுங்கள். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்புச் செறிவு குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஓடுபவர் தள்ளாடினாலோ, உளறினாலோ வெப்பத் தாக்கு எனக் கருதி, முதலில் நீர் ஊற்றி உடலைக் குளிர்வித்து, 999-ஐ அழைக்க வேண்டும்.

ஆற்றைக் கடக்கையில்

2000-ஆம் ஆண்டு சபாவில் நடந்த ஈக்கோ சேலஞ்ச் சாகசப் பந்தயத்தில் 304 பேர் பங்கேற்றனர். பின்னர் விசாரிக்கப்பட்ட 189 பேரில் 80 பேருக்கு எலிச்சிறுநீர் நோய்க்கான அறிகுறிகள் இருந்தன. 29 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். எவரும் இறக்கவில்லை. செகாமா ஆற்று நீரோடு தொடர்புபடுத்தப்பட்ட தொற்று அது. காலில் வெட்டோ சிராய்ப்போ இருந்தால் நீர் புகாதபடி மூடுங்கள். ஆற்று நீரை விழுங்காதீர்கள். பந்தயம் முடிந்து சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

மருத்துவரைப் பார்த்துவிட்டு ஓடுங்கள்

மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பதைத் தேசிய உடல்நல ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. சர்க்கரை, இரத்த அழுத்த மருந்து உண்போர் பயிற்சியைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும். ஓட்டத்தின்போது ஐபுபுரோபன் போன்ற வலிநிவாரணிகளை விழுங்குவது, நீரிழப்பில் இருக்கும் சிறுநீரகத்திற்கு மேலும் சுமை.

நெற்றி விளக்கு, விசில், உப்புக் கரைசல் பொட்டலம், மழைச் சட்டை ஆகியவை பையில் இருக்கட்டும். நடுவில் விலக நேர்ந்தால் சோதனைச் சாவடியில் தெரிவித்துவிட்டே கிளம்புங்கள். சொல்லாமல் வீடு திரும்பிய ஒருவருக்காக, மீட்புக் குழு இரவெல்லாம் காட்டில் அலைய நேரிடும்.