புதுக்குறி கண்டு அஞ்சலாமா?

கள்ளக்குறிச்சியில் காலை 10 மணிக்குப் புறப்பட்டு, 5 மணி நேரம் கழித்துக் கல்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றை அடைகிறீர்கள். கடிகாரம் என்ன காட்டும்? 3! பத்தும் ஐந்தும் சேர்ந்து மூன்றா? ஆம். ‘12-ஐத் தாண்டினால் 12-ஐக் கழி’ என்பது கடிகாரத்தின் விதி. இவ்வகைக் கணக்கை 1801-இல் நூலாக்கி ஒழுங்குபடுத்தியவர் ஜெர்மானியக் கணித மேதை காஸ்.

தேர்விலும் இப்படியே புது விதிகள் வரும். ‘முதல் எண்ணின் இருமடங்குடன் இரண்டாம் எண்ணைக் கூட்டுவதே ∗ எனும் செயலி, 3 ∗ 4 என்ன?’ பெருக்கல் என்றெண்ணி 12 என எழுதிவிடாதீர்கள். விதிப்படி 6 + 4 = 10. ஆனால் 4 ∗ 3 = 8 + 3 = 11. வரிசை மாறினால் விடையும் மாறுகிறதே!

இதில் வியப்பில்லை. டப்ளின் நகரில் 1843 அக்டோபர் 16 அன்று ஹாமில்டன் கண்ட ‘குவாட்டர்னியன்’ எண்களின் பெருக்கலும் அத்தகையதே. வரிசை மாறினும் பெருக்கல் மாறாது என்ற பழக்கத்தைக் கைவிட்ட பிறகே அவருக்கு வழி பிறந்தது.

நம் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஆர். வைத்தியநாதசுவாமியும் ஒரு புதிய செயலியைத் தந்தார். 12-ஐ 3 × 4 எனலாம்; 2 × 6 என்றும் எழுதலாம். 3, 4 இரண்டுக்கும் 1 தவிரப் பொதுக் காரணி இல்லை. 2, 6 இரண்டுக்கும் 2 பொது. முதல் வகை இணைகளை மட்டுமே ஏற்பது என்று விதி வகுத்து, எண்கணிதச் சார்புகளை இணைக்கும் முறையை 1931-இல் வெளியிட்டார். அமெரிக்க அறிஞர்களும் அதைப் பின்னர் ஆராய்ந்தனர்.

ஆகவே, புதுக்குறி கண்டால் கலங்காதீர்கள். அதன் பொருள் கேள்வியிலேயே இருக்கிறது. விதியை இருமுறை படித்து, எண்களை வரிசை பிறழாமல் இடுங்கள்.

எங்கே, 18-க்கு அத்தகைய இணைகள் எவை? கண்டுபிடியுங்கள்!