படகில் வந்த பாரம்

வண்டிக் கூலி போக மிச்சம் எவ்வளவுங்கிறதுதானே நம்ம கணக்கு? அந்தக் கணக்குக்குப் பழைய காலத்தில் கிடைத்த விடை பக்கிங்ஹாம் கால்வாய்.

1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் நடுவே தொடங்கிய வேலை, பிற்பாடு ஆந்திரத்துப் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீண்டது. உப்பு, சவுக்கு விறகு, நெல்லூர்ச் சீமை அரிசி எல்லாம் இதில்தான் வந்தன. கடலோர மணலில் மாட்டு வண்டி புதையும். தண்ணீரிலோ, ஒரு வண்டிப் பாரத்தைப் போலப் பல மடங்கை இரண்டு மூன்று பேர் கரையில் நடந்தபடியே கயிறு கட்டி இழுத்துடுவாங்க. காற்று வாகாக இருந்தால் பாய் விரித்தாலே போதும். மாட்டுக்குத் தீனிச் செலவும் இல்லை பாருங்க.

நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டரை வெட்டியது யார் தெரியுமா? தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78-இல், கஞ்சிக்கு வழியில்லாமல் கூலிக்கு வந்த ஏழைகள். பேர் என்னவோ கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவுக்கு!

ரயிலும் லாரியும் சரக்கை இழுத்துக்கொண்டன. 1965, 1966 புயல்கள் கால்வாயைச் சேதப்படுத்தின. 2008-இல் இதைத் தேசிய நீர்வழியில் சேர்த்து அறிவித்தார்கள். அதற்குள் சென்னையில் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கிவிட்டன.